கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு இருவர்: டேன்டமா, இரண்டு சைக்கிளா, ஒன்றுக்கு மட்டும் மோட்டரா?

காலை 6 மணிக்குக் கம்பளையில் பெடலை மிதிக்கத் தொடங்கி, பின்னேரத்துக்கு முன் நுவரெலியாவில் படுக்கை போட வேண்டும். மறுநாள் காலை ஹக்கல வழியாக வெலிமடைக்கு இறக்கம். ஆள் இரண்டு பேர், பை 18 கிலோ. நெடும்பயணத்தில் மலையகத்தை வெட்டிப் போகிறவர்களில் பலர் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த நாளைக் கடக்கிறார்கள். லண்டனிலிருந்தோ டொரொன்டோவிலிருந்தோ வருகிற சொந்தக்காரர்கள் தங்கள் டேன்டம் சைக்கிளை (முன்னும் பின்னுமாக இருவர் இருந்து மிதிக்கும் ஒரே சைக்கிள்) கூடவே கொண்டுவரலாமா என்று கேட்பதும், கண்டியில் இரண்டு சைக்கிள் எடுத்தால் போதுமா என்று கேட்பதும், ஒருவருக்கு மட்டும் மின்சார சைக்கிள் கொடுத்தால் என்ன என்று கேட்பதும் இந்த நாளை நினைத்துத்தான்.

இரண்டு பேரின் கால் பலம் ஒன்றாக இருப்பது அபூர்வம். சமதரையில் அது தெரியாது, ஏற்றத்தில் அரை மணித்தியாலத்துக்குள் வெளியே வந்துவிடும். அந்த வித்தியாசத்தை எங்கே கொண்டுபோய் வைக்கிறோம் என்பதை வைத்தே வண்டியைத் தெரிய வேண்டும். டேன்டம் அதைச் செயினில் கலந்துவிடுகிறது. இரண்டு சைக்கிள் என்றால் பையை மாற்றிச் சரிக்கட்டலாம். மின்சார சைக்கிளில் அது பற்றரியின் பொறுப்பு. மூன்றுக்கும் விலை உண்டு. அந்த விலையின் பெரும்பகுதி தெரியவருவது இறக்கத்தில்.

முதலில் ரோட்டைப் பார்ப்போம். ஏ5 வீதியில் கம்பளையிலிருந்து நுவரெலியா சுமார் 57 கிலோமீற்றர். கம்பளை கடல் மட்டத்திலிருந்து 500 மீற்றருக்குச் சற்றுக் கீழே, நுவரெலியா 1868 மீற்றரில். புசல்லாவை வரை முதல் 20 கிலோமீற்றர் உடம்பைச் சூடாக்கும் அளவு ஏற்றம்தான். அதற்குப் பிறகு தவலந்தென்ன, இறம்பொடை வரை ஏறியும் இறங்கியும் போகும், கொத்மலை நீர்த்தேக்கம் கீழே தெரியும். உண்மையான வேலை இறம்பொடையில் தொடங்குகிறது. அங்கிருந்து லபுக்கலைத் தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி ஏறி, நகருக்குச் சற்று முன்னால் கணவாயைத் தாண்டி ஊருக்குள் இறங்கும் இந்தக் கடைசிப் பகுதி ஏறக்குறைய 25 கிலோமீற்றர். சராசரிச் சரிவு 4, 5 சதவீதம் என்று கேட்டால் பயமில்லை. ஆனால் நாம் இடது பக்கம் ஓடுகிறவர்கள். ஏறும்போது இடப்பக்கம் திரும்பும் ஒவ்வொரு முடக்கிலும் வளைவின் உட்பக்கம்தான் நமக்கு. அங்கே சில மீற்றர் தூரத்துக்குச் சரிவு சராசரியைப் போல இரண்டு மடங்காகும். கியரைத் தெரிவு செய்ய வேண்டியது சராசரிக்கு அல்ல, அந்தச் சில மீற்றருக்கு.

வலப்பனை, ராகலை வழியாகவும் நுவரெலியாவுக்கு ஏறலாம். ஒதுக்கமான, அழகான பாதை. முதல் முறை ஏறுகிறவர்களுக்கு, அதுவும் டேன்டத்தில், அதைச் சொல்ல மனம் வராது. உதவி கிடைப்பது ஏ5 வீதியில்தான்.

இனி கணக்கு. ஒருவர் 75 கிலோ, மணிக்கணக்கில் 170 வோட் கொடுக்கக்கூடியவர். மற்றவர் 55 கிலோ, 110 வோட். தனிச் சைக்கிள் ஒன்று 14 கிலோ, டேன்டம் 22 கிலோ. 5 சதவீதச் சரிவு. இந்த வேகத்தில் காற்றுத் தடை சிறிது, விட்டுவிடலாம்.

பைகளை ஆளுக்கு 9 கிலோ என்று நியாயமாகப் பிரித்தால், பலசாலி மணிக்கு 11 கிலோமீற்றரில் ஏறுவார், மற்றவர் 9 கிலோமீற்றரில். 20 கிலோமீற்றர் ஏறி முடியும்போது இடைவெளி 25 நிமிடம். முன்னே போனவர் லபுக்கலைக் குளிரில் வியர்வை காய்ந்து நடுங்கிக்கொண்டு நிற்பார். பின்னே வருகிறவர் தன்னால்தான் தாமதம் என்று மனதைப் போட்டுக் குடைந்துகொண்டு வருவார். இருவர் பயணங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த 25 நிமிடத்தில்தான்.

அதே 18 கிலோவையும் பலசாலியின் கரியரில் ஏற்றிப் பாருங்கள். அவர் 10.2 கிலோமீற்றர், மற்றவர் 10.3. இருவரும் ஒன்றாகவே மேலே வந்து சேர்கிறார்கள்.

டேன்டத்தில் இரண்டு பேரின் பலமும் கூடி 280 வோட், மொத்த எடை 170 கிலோ, வேகம் 10.6 கிலோமீற்றர். 20 கிலோமீற்றரில் மிச்சம் பிடிப்பது நான்கைந்து நிமிடம். டேன்டம் வேகமானது என்ற பெயர் சமதரையில் சம்பாதித்தது. ஒருவர் முதுகுக்குப் பின்னால் மற்றவர் ஒளிந்துகொள்வதால் காற்றுத் தடை குறைகிறது. மணிக்கு 10 கிலோமீற்றரில் ஒளிந்துகொள்ளக் காற்றே இல்லை.

ஆகவே ஏற்றத்தில் இரண்டும் சமம். வித்தியாசம் மறுநாள் காலையில் தெரியும்.

நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்குச் சுமார் 25 கிலோமீற்றரில் 800 மீற்றர் அளவு இறங்க வேண்டும். 170 கிலோ எடை 800 மீற்றர் இறங்கும்போது வெளிவரும் சக்தி 1.33 மெகாயூல். நான்கு லீற்றர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், நேர்ப்பாதையில் ஓடவிட்டால் இன்னும் கூட எடுத்துக்கொள்ளும். ஆனால் முடக்கும், மரக்கறி லொறியும், பஸ்ஸும் இருக்கிற ரோட்டில் ஓடவிட முடியாது. மிச்சம் முழுவதும் பிரேக்குக்குத்தான் போகும். இரண்டு சைக்கிள் என்றால் அந்தச் சூடு நான்கு சில்லுகளுக்குப் பிரியும். டேன்டத்தில் இரண்டே சில்லு.

ரிம் பிரேக் உள்ள டேன்டத்தில் நடப்பது இதுதான்: பிரேக் கட்டை ரிம்மைச் சூடாக்கும், ரிம் டியூபைச் சூடாக்கும், உள்ளே காற்றழுத்தம் ஏறும், டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்று டியூப் வெடிக்கும். முன் சில்லில் நடந்தால் ஹேண்டில் கையில் நிற்காது. டிஸ்க் பிரேக்கில் டயர் தப்பும், ஆனால் கட்டையின் மேல்பரப்பு கண்ணாடி போல் பளபளத்துப் பிடி விட்டுவிடும். ஹைட்ரோலிக் என்றால் எண்ணெய் கொதித்து லீவர் ஹேண்டில்வரை வந்துவிடும். மலையகத்துக்கு டேன்டம் கொண்டுவருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, முன்னும் பின்னும் 203 மில்லிமீற்றர் டிஸ்க் இருக்கிறதா, அதோடு மூன்றாவதாக, நீண்ட இறக்கத்தில் போட்டே வைத்திருக்கக்கூடிய டிரம் பிரேக் இருக்கிறதா என்பது. அந்த மூன்றாவது பிரேக்கின் லீவர் பின்னால் இருப்பவர் கையில் இருக்கட்டும். முன்னால் இருப்பவருக்கு ஏற்கெனவே இரண்டு கையிலும் வேலை. மூன்றாவது பிரேக் இல்லாத டேன்டத்துக்கு இந்த இறக்கம் வேண்டாம்.

எந்த வண்டியானாலும் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கக் கூடாது. முடக்குக்கு முன்னால் மூன்று நான்கு விநாடி அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிட வேண்டும். விட்ட நேரத்தில்தான் காற்று தட்டைக் குளிர்விக்கும். தரித்து நிற்க இடமும் தானாகவே அமைந்திருக்கிறது: சீதாஎலியவில் சீதை அம்மன் கோயிலடியில் ஒருமுறை, ஹக்கல பூங்கா வாசலில் ஒருமுறை. நின்றதும் விரலை நனைத்து ஒரே ஒரு சொட்டுத் தண்ணீரை டிஸ்க் தட்டின் ஓரத்தில் விழவிடுங்கள். சொட்டு அப்படியே ஒட்டி நின்றால் போகலாம். சீறினாலோ துள்ளி உருண்டாலோ தேநீர் ஒன்று குடிக்க நேரம் இருக்கிறது என்று அர்த்தம். போத்தல் தண்ணீரை ஊற்றிக் குளிரவைக்கப் போகாதீர்கள், தட்டு கோணிவிடும். தட்டை விரலால் தொட்டுப் பார்ப்பதும் வேண்டாம், தோல் அதில் ஒட்டிக்கொள்ளும்.

டேன்டத்தின் அடுத்த சிக்கல் அதன் நீளம். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவே தனிச் சைக்கிளுக்கு ஒரு மீற்றரும் சொச்சமும், டேன்டத்துக்கு 1.7 மீற்றர் அளவு. முடக்கில் பின்சில்லு உள்ளே வெட்டிக்கொண்டு வரும். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தால் பதறி ரோட்டோரத்துக்கு ஒதுங்குவோம் அல்லவா, அங்கே சீமெந்துக் கான் இருக்கிறது. முன்சில்லு கானைத் தவிர்த்துவிடும், பின்சில்லு அதற்குள் இறங்கும். டேன்டத்தில் இருப்பவர்கள் ரோட்டின் ஓரத்தை விட்டு ஒரு மீற்றர் உள்ளே ஓடி, பஸ்ஸுக்கு வழிவிட வேண்டுமானால் முழுவதுமாக நிறுத்தி விடுவது நல்லது.

நிறுத்தினால் மீண்டும் ஏற்றத்தில் கிளப்ப வேண்டும். புதியவர்கள் டேன்டத்தோடு விழுவது ஓடும்போது அல்ல, இப்படிக் கிளப்பும்போதுதான். முன்னால் இருப்பவர் இரண்டு காலையும் அகலமாக ஊன்றி, இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். பின்னால் இருப்பவர் ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் பெடலில் வைத்து, முன்னவரின் வலது பெடல் மேலே சற்று முன்னோக்கி வரும்படி சுற்றிக் கொடுக்க வேண்டும். முன்னவர் வலது காலைப் பெடலில் வைத்து "போவோமா" என்று கேட்டு, பின்னவர் "போ" என்ற பிறகே பிரேக்கை விட வேண்டும். முதல் மிதியின் பலம் பெரும்பாலும் பின்னால் இருப்பவருடையது. கியர் முன்கூட்டியே மிகச் சிறியதில் இருக்க வேண்டும். நிறுத்தும் முன் கியரை இறக்க மறந்தால், அந்த இடத்திலிருந்து தள்ளிக்கொண்டு நடக்கத்தான் வேண்டும்.

உதிரிப்பாகத்தில் டேன்டம் இன்னும் கஷ்டப்படுத்தும். கம்பளையிலும் புசல்லாவையிலும் நுவரெலியாவிலும் சைக்கிள் கடைகளில் நம்பிப் போகக்கூடியது 26 அங்குல டயர், டியூப், பிரேக் வயர், சாதாரணச் செயின். டேன்டத்துக்குரிய அகலமான பின் ஹப்போ அதன் நீளத்துக்கான பிரேக் வயரோ அங்கே இருக்காது. பின்சில்லில் 36 கம்பியாவது, முடிந்தால் 40 கம்பி வேண்டும். கம்பி உடைந்தால் பெரும்பாலும் செயின் பக்கத்தில்தான் உடையும், அங்கே பிறீவீலைக் கழற்றாமல் புதுக் கம்பி போட முடியாது. ஆகவே அளவுக்கு வெட்டிய கம்பி நான்கு, பிறீவீல் கழற்றும் சாவி, முன்னவர், பின்னவர் இருவரின் பெடல் கிராங்கையும் இணைக்கும் நீளச் செயினுக்கு ஒரு முழுச் செயினும் இன்னொன்றின் துண்டும் கையில் இருக்க வேண்டும். அந்த நீளச் செயின் நடுவில் மேலும் கீழும் ஒரு சென்ரிமீற்றர் ஆடலாம். அதற்கு மேல் ஆடினால் குழியில் விழுந்து எழும்பும்போது பல்லிலிருந்து கழன்றுவிடும்.

வண்டி முற்றாக நின்றுபோனால் என்ன செய்வது? தனிச் சைக்கிளை முச்சக்கரவண்டிக்குள் சாய்த்து ஏற்றலாம், வெறுமையாகத் திரும்பும் மரக்கறி லொறியில் படுக்க வைக்கலாம். 2.4 மீற்றர் டேன்டத்துக்கு லொறி ஒன்றுதான் வழி.

இவ்வளவும் சொன்ன பிறகும், ஒரு நிலைமையில் டேன்டத்துக்கு மாற்றே கிடையாது. இருவரில் ஒருவருக்குக் கண்பார்வை குறைவென்றால், அல்லது தனியாகச் சமநிலை பிடிக்க முடியாதென்றால், பின்னாசனம் அவருக்கு அந்த மலையைத் தன் சொந்தக் கால்களால் ஏறும் வழி. அங்கே வேறு கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. மூன்றாவது பிரேக்கைப் பொருத்துங்கள், கம்பளையிலிருந்து இறம்பொடை ஒரு நாள், இறம்பொடையிலிருந்து நுவரெலியா மறுநாள் என்று பிரியுங்கள், முன்னால் இருப்பவர் முடக்கையும் கியரையும் பள்ளத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடட்டும்.

மின்சார சைக்கிளுக்கு வருவோம். பலம் குறைந்தவருக்கு 24 கிலோ மின்சார சைக்கிளைக் கொடுத்து, 18 கிலோ பையையும் அதிலேயே ஏற்றலாம். பலசாலி பையில்லாமல் 12 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுவார். அவரோடு சேர்ந்து வர மோட்டர் 75 வோட் கொடுத்தால் போதும். மேலும் கீழுமாக மொத்த ஏற்றம் 1600 மீற்றர் என்று வைத்தால், பற்றரியிலிருந்து நாள் முழுக்கப் போவது சுமார் 275 வோட்மணி. 500 வோட்மணிப் பற்றரிக்கு இது தாராளம். ஆனால் மோட்டரின் உதவியைக் கூட்டிவைத்து, வேலையில் மூன்றில் இரண்டை அதன் தலையில் கட்டினால் 450 வோட்மணி போய்விடும். லபுக்கலைக்கு மேலே பற்றரி இறங்கினால், செங்குத்தான முடக்கில் அந்த 42 கிலோவோடு மணிக்கு 4 கிலோமீற்றருக்கு மேல் ஓட முடியாது. அந்த வேகத்தில் சைக்கிள் நிமிர்ந்து நிற்காது. புசல்லாவையில் பற்றரி மூன்றில் இரண்டுக்குக் கீழே காட்டினால் உதவியை ஒரு படி குறைத்துவிட வேண்டும். 2 அம்பியர் சார்ஜரில் முழுவதும் நிரப்ப ஆறேழு மணித்தியாலம் பிடிக்கும், இராத்தங்கும் இடத்தில் மின்வெட்டு வந்தால் மறுநாள் திட்டம் மாறும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 160 வோட்மணிக்கு மேற்பட்ட லிதியம் பற்றரியைப் பயணிகள் விமானத்தில் பொதியாகக் கொண்டுவர விடமாட்டார்கள். மின்சார சைக்கிள் என்றால் இங்கேயே எடுக்க வேண்டியதுதான். ஒருவருக்கு முழங்காலிலோ நெஞ்சிலோ பழைய சிக்கல் இருந்து, பலத்தில் பாதிக்குப் பாதி வித்தியாசம் என்றால் இது சரியான தெரிவு. 75 கிலோவுக்கும் 55 கிலோவுக்குமான சாதாரண வித்தியாசத்துக்கு அது தேவையில்லை. பையை மாற்றினாலே போதும்.

மற்ற எல்லா இருவருக்கும் சொல்லக்கூடியது இரண்டு தனிச் சைக்கிள்தான். அதுவும் இப்படி.

கியர்: முன்னால் சிறிய சக்கரம் 22 பல், பின்னால் பெரியது 34 பல். 26 அங்குலச் சில்லில் ஒரு சுற்றுக்கு 1.34 மீற்றர் நகரும். மணிக்கு 5 கிலோமீற்றரில் ஏறும்போது நிமிடத்துக்கு 62 சுற்று, முழங்கால் தாங்கும். ரேஸ் சைக்கிளின் 34க்கு 28 என்றால் ஒரு சுற்றுக்கு 2.5 மீற்றருக்கு மேல், அதே வேகத்தில் 33 சுற்று. அது மிதிப்பதல்ல, படியேறுவது. ஒற்றைக் கியர் வாடகைச் சைக்கிளில் இந்த நாளைத் தொடங்கவே வேண்டாம்.

டயர் 1.75 முதல் 2 அங்குல அகலம். பை முழுவதையும் ஒருவர் சுமக்கும்போது 12 கிலோ பின்னால், 6 கிலோ முன்னால். 18 கிலோவையும் பின்கரியரில் போட்டால் ஏற்றத்தில் முன்சில்லு மிதந்து ஹேண்டில் அலையும். இறக்கத்தில் பையைத் திரும்பப் பாதியாகப் பிரித்துவிடுங்கள். ஏற்றத்தில் பலசாலி சுமந்தது சரி, இறக்கத்தில் 107 கிலோவை ஒரே சோடிப் பிரேக் சுமக்கத் தேவையில்லை. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பை கழன்று மாறும் விதமாக இரண்டு சைக்கிளிலும் ஒரே மாதிரிக் கரியர் போட்டிருப்பது இதற்காகத்தான்.

ஏற்றத்தில் மெதுவானவர் முன்னே. பம்ப், பஞ்சர் ஒட்டும் பெட்டி, மேலதிக டியூப் மூன்றும் அவரிடம் இருக்கட்டும். வேகமானவர் எப்படியும் முன்னே போய்விடும் தருணம் வரும், அவருக்குக் காற்றுப் போனால் பின்னால் வருகிறவர் வந்து சேர்வார். பம்ப் மேலே போய், பஞ்சர் கீழே நின்றால் யாராவது ஒருவர் ஏறிய மலையை இறங்க வேண்டும். காசும் அடையாள அட்டையும் ஆளுக்கு ஆள் தனியாக. தொலைபேசியை நம்பாமல் புசல்லாவை, தவலந்தென்ன, இறம்பொடை, லபுக்கலை என்று நான்கு இடத்தில் சந்திப்பது என முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இறம்பொடைச் சுரங்கப்பாதை 225 மீற்றர். அதற்கு முன்னால் நின்று, இரண்டு சைக்கிளிலும் முன்விளக்கும் சிவப்புப் பின்விளக்கும் போட்டு, ஒருவர் பின் ஒருவராக நுழைய வேண்டும். அதே விளக்குகள் மேலே பனிமூட்டத்திலும் அணையாமல் இருக்கட்டும். இறக்கத்தில் இருவருக்கும் நடுவே 30 மீற்றராவது இடைவெளி.

சாப்பாடு ரோட்டோரமே கிடைக்கும்: ரொட்டியும் கட்டச்சம்பலும், பருப்பு வடை, கோழிக்கூட்டு வாழைப்பழம், சீனி கூடப்போட்ட இஞ்சிப் பிளேன்டீ. இறம்பொடைக்கு மேலே பசி வரும்வரை காத்திருக்காமல் 45 நிமிடத்துக்கு ஒருமுறை எதையாவது வாயில் போட வேண்டும். ஆளுக்கு 750 மில்லிலீற்றர் போத்தல் இரண்டு. காய்ந்த பெனியன் ஒன்று பொலித்தீனில் சுற்றியபடி இருக்கட்டும். கணவாயில் ஈர உடுப்பைக் கழற்றி அதைப் போட்ட பிறகே நகருக்குள் இறங்க வேண்டும்.

நேரம் எந்த வண்டிக்கும் ஒன்றுதான். 6 மணிக்குக் கிளம்பினால் எட்டரைக்குப் புசல்லாவை, பத்தரை அளவில் இறம்பொடை, மூன்று மணிக்கு நுவரெலியா. பகல் 12 மணிக்கும் இறம்பொடையைத் தாண்டவில்லை என்றால் அங்கேயே தங்கிவிடுங்கள். ஒக்ரோபர், நவம்பரில் இடிமழை பிற்பகலில்தான் பிடிக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை இந்தப் பக்கத்துச் சரிவை நனைக்கும், அதே காலத்தில் வெலிமடைப் பக்கம் கச்சான் காற்று காய்ந்து வீசும். ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை இரண்டு பக்கமும் பெரும்பாலும் ஒத்துவரும். ஏப்ரலில் நுவரெலியா வசந்தகால வாகன நெரிசலில் சைக்கிளுக்கு இடமில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று மட்டத்தில் விடுகிறது. கொத்மலைக்கோ நுவரெலியாவுக்கோ செம்மஞ்சள் வந்தால் அன்று கிளம்ப வேண்டாம்.

முடிவெடுக்க முன் ஒரு நாள் கண்டியில் செலவழியுங்கள். நகரத்திலிருந்து ஹந்தானைத் தேயிலை நூதனசாலைக்கு ஏறும் ரோட்டு நான்கைந்து கிலோமீற்றர்தான், ஆனால் செங்குத்து. பைகளைப் பாதி பாதியாகக் கட்டி ஏறிப்பாருங்கள், யார் எவ்வளவு முந்தி வந்தார் என்று மணி பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இறங்கி, முழுப் பையையும் முந்தி வந்தவரின் கரியருக்கு மாற்றி மறுபடியும் ஏறுங்கள். இடைவெளி இரண்டு மூன்று நிமிடத்துக்குள் வந்துவிட்டால் இரண்டு சைக்கிளோடு கம்பளைக்குப் போகலாம். அப்போதும் கால் மணித்தியாலம் நிற்கிறதென்றால், அன்று மாலையே மின்சார சைக்கிள் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கத் தொடங்குங்கள்.